விலை கேட்காத பட்டியல்

கல்வி ஆண்டு தொடங்கியதும் நாடெங்கும் பல்கலைக்கழக மாணவர்களின் கைக்கு ஒரு பட்டியல் வந்து சேர்கிறது. பாடத்திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் ‘பாடநூல்கள்’ என்று சில பெயர்கள். அதன் கீழே ‘பார்வை நூல்கள்’ என்று அதைவிட நீளமாக இன்னும் சில. ஆசிரியர் பெயர், நூலின் பெயர், பதிப்பகம், வெளியான ஆண்டு என எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஒரே ஒரு விவரம் மட்டும் இருக்காது. விலை.

அச்சுப் பிழையால் விடுபட்டதல்ல இது. பட்டியல் போடுகிறவர் விலையைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாததால் விடுபட்டது. டாக்டர் எழுதும் மருந்துச் சீட்டைப் போலத்தான் பாடநூல் பட்டியலும். தேர்ந்தெடுப்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் வேறொருவர். மருந்து விஷயத்திலாவது ‘இதே மருந்து வேறு கம்பெனியில் மலிவாகக் கிடைக்குமா’ என்று கடைக்காரரிடம் கேட்கும் பழக்கம் வந்திருக்கிறது. பேராசிரியரிடம் போய், ‘ஐயா, இதே விஷயத்தை இதைவிட மலிவான புத்தகத்தில் படிக்கலாமா?’ என்று கேட்கும் துணிச்சல் எத்தனை மாணவர்களுக்கு உண்டு?

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். செமஸ்டருக்கு ஐந்து பேப்பர். பேப்பருக்கு நான்கு புத்தகங்கள். புத்தகம் ஒன்று 500 ரூபாய் என்று தாராளமாகக் குறைத்தே வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் ரூபாய் ஆகிறது. பல அரசுக் கல்லூரிகளில் ஓராண்டுக் கட்டணமே இதைவிடக் குறைவு. கட்டணத்தைக் குறைத்துவிட்டோம், உதவித்தொகை தருகிறோம் என்று அரசுகள் சொல்லிக்கொள்கின்றன. அந்தப் பட்டியலை மட்டும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கணக்கில் சேராததை மாணவர் தம் வழியில் சமாளிக்கிறார். அந்த வழிகளில் முதலாவது கைடு. தில்லி நயி சடக், கொல்கத்தா காலேஜ் ஸ்ட்ரீட், புனே அப்பா பல்வந்த் சௌக், பெங்களூர் அவென்யூ ரோடு என எந்தப் புத்தகச் சந்தைக்குப் போனாலும், முன்வரிசையில் நிற்பவை பழைய கேள்வித்தாள்களை வைத்துத் தயாரித்த வினா-விடைத் தொகுப்புகள்தான். விலை குறைவு, அளவும் சிறிது. பரீட்சைக்கு முந்தைய வாரத்தில் அதுவே கடவுள். ஆனால் கையில் இருப்பவற்றிலேயே விலை கூடியது அதுதான். வாங்கும்போது அல்ல, வேலை தேடும்போது அதன் விலை தெரியும். பொருளாதாரத்தில் பட்டம் பெற்றவருக்குத் தேவைக் கோட்டின் இலக்கணம் மனப்பாடமாக இருக்கும். வெங்காய விலை ஏன் ஏறியது என்று அந்தக் கோட்டை வைத்து விளக்கத் தெரியாது. படித்தது புத்தகமல்ல, புத்தகத்தின் பிழிவு. அதையும் யார் பிழிந்தார்கள் என்பது தெரியாது.

நல்ல புத்தகம் மலிவாகக் கிடைத்த காலம் ஒன்று இந்த நாட்டில் இருந்தது. இன்று ஐம்பது வயதைத் தாண்டிய எஞ்சினியரிடமோ டாக்டரிடமோ கேட்டால் மூன்று பெயர்களைச் சொல்வார். ஒன்று, ஈ.எல்.பி.எஸ். பிரிட்டிஷ் அரசின் மானியத்தில், பிரிட்டனில் விற்ற விலையில் சிறு பங்குக்கு இங்கே கிடைத்த பதிப்புகள். இரண்டு, பி.எல்.480. அமெரிக்கா அனுப்பிய கோதுமைக்கு நாம் ரூபாயில் கொடுத்த பணத்தின் ஒரு பகுதி, அமெரிக்கப் பாடநூல்களின் மலிவுப் பதிப்புகளாகத் திரும்பி வந்தது. மூன்று, மாஸ்கோவின் மீர் பதிப்பகம். ஈரோதவின் இயற்பியல் கணக்குகளும் பிஸ்குனோவின் நுண்கணிதமும் சில ரூபாய்களுக்குக் கிடைத்தன. தில்லியில் பீப்பிள்ஸ் பப்ளிஷிங் ஹவுஸ், ஆந்திரத்தில் விசாலாந்திரா, கேரளத்தில் பிரபாத், தமிழ்நாட்டில் நியூ செஞ்சுரி புத்தக நிலையம் என்று அவை வந்து இறங்கும் துறைமுகங்கள் இருந்தன.

மூன்றுமே நம்மீது கொண்ட பாசத்தால் வந்தவை அல்ல. பனிப்போர்க் காலத்தில் இந்திய மாணவரின் மேஜை மீதும் ஒரு போட்டி நடந்தது. அதில் லாபம் நமக்கு. 1991இல் சோவியத் யூனியன் கலைந்தது. 1997இல் ஈ.எல்.பி.எஸ். திட்டத்தை பிரிட்டன் முடித்துக்கொண்டது. மற்றவர் மானியத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த மானியம் நின்ற பிறகு சொந்தமாக ஏற்பாடு செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. இடத்தை நிரப்ப வந்தவை இரண்டு. ‘இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு’ என்று அட்டையில் அச்சிட்ட பன்னாட்டுக் கம்பெனிகளின் இந்தியப் பதிப்புகள் ஒன்று. ஜெராக்ஸ் கடை மற்றொன்று.

அந்த ஜெராக்ஸ் கடையைப் பற்றித்தான் இந்தியப் பாடநூல் வரலாற்றின் முக்கியமான வழக்கு நடந்தது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் தில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் இருந்தது ராமேஸ்வரி ஃபோட்டோகாப்பி சர்வீஸ். பேராசிரியர்கள் ஒரு பேப்பருக்கு வேண்டிய கட்டுரைகளையும் அத்தியாயங்களையும் பல நூல்களிலிருந்து தேர்ந்தெடுத்துக் கொடுப்பார்கள். கடைக்காரர் அவற்றை நகலெடுத்து, கட்டித் தொகுப்பாக்கித் தருவார். 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்கள் அந்தக் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. இடைக்காலத் தடையும் வந்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் தாங்களாகவே முன்வந்து வழக்கில் தங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். யாருடைய நூல்களைக் காப்பாற்ற வழக்கு என்று சொல்லப்பட்டதோ, அந்த நூலாசிரியர்களில் பலர் அமர்த்தியா சென் உட்பட மாணவர்கள் பக்கம் பேசினார்கள்.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கற்பிக்கும் பணியின் பகுதியாக ஆசிரியரோ மாணவரோ ஒரு நூலிலிருந்து நகலெடுப்பதை உரிமை மீறலாகக் கருதவில்லை என்பது அவர் முடிவு. நூலகத்தில் உட்கார்ந்து கையால் எழுதிக்கொண்டால் குற்றமில்லை என்றால், அதே வேலையை யந்திரம் செய்தால் மட்டும் குற்றமாகிவிடாது. அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் கொண்ட பெஞ்ச், இந்தப் பிரிவுக்குப் பக்கக் கணக்கில் வரம்பு இல்லை, கற்பிக்கும் நோக்கத்துக்கு எவ்வளவு தேவை என்பதே அளவுகோல் என்றது. அந்தத் தேவை இருந்ததா என்ற கேள்வியை விசாரணைக்கு அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கை வாபஸ் பெற்றன.

கடைக்காரர் ஜெயித்தார் என்பதோடு இந்தச் செய்தி முடிந்துவிட்டது. முடிந்திருக்கக் கூடாது. அந்தத் தொகுப்பு உண்மையில் என்ன? ஒரு பாடநூல். எந்த வெளிநாட்டுப் பேராசிரியரும் எழுதித் தராத, நம் வகுப்புக்கென்றே நம் ஆசிரியர் தேர்ந்தெடுத்துக் கோத்த பாடநூல். இருபது நூல்களை வாங்கி ஒவ்வொன்றிலும் முப்பது பக்கம் மட்டும் படிக்க வேண்டிய கொடுமை இல்லை. தேவைக்கு மேல் ஒரு பக்கமும் இல்லை. ‘மலிவு’, ‘பயன்’ என்ற இரண்டு சொற்களும் ஒரே இடத்தில் சந்தித்தன. இதைச் செய்யும் உரிமை சட்டத்தில் இருக்கிறது என்று நீதிமன்றம் சொல்லி ஆண்டுகள் பல ஆகின்றன. சிறு நகரக் கல்லூரிகளில் எத்தனை துறைகள் தங்கள் மாணவர்களுக்கென்று இப்படியொரு தொகுப்பைத் தயாரித்திருக்கின்றன? அதற்கு உழைப்பு வேண்டும். ஆசிரியர் முதலில் அந்த இருபது நூல்களையும் படித்திருக்க வேண்டும். பழைய பட்டியலை அப்படியே அடுத்த ஆண்டுக்கும் நகலெடுப்பது அதைவிட எளிது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். பல நூல்களிலிருந்து பகுதிகளை எடுப்பது வேறு, 300 ரூபாய்ப் புத்தகத்தை முழுசாக ஜெராக்ஸ் எடுப்பதும், திருட்டு பி.டி.எஃப்.பை வகுப்பு முழுவதற்கும் அனுப்புவதும் வேறு. இதில் அடிபடுவது ஆக்ஸ்ஃபோர்ட் அல்ல. உள்ளூரில் எழுதி, உள்ளூர் விலையில் விற்கும் இந்திய ஆசிரியர்தான். ஹெச்.சி. வர்மா பாட்னா சயின்ஸ் காலேஜில் பாடம் நடத்தியவர். வெளிநாட்டு இயற்பியல் புத்தகங்களின் ஆங்கிலமும் உதாரணங்களும் தம் மாணவர்களுக்கு அன்னியமாக இருப்பதைக் கண்டு, வருடக்கணக்கில் உழைத்துத் தாமே எழுதினார். 1992இல் வந்த அந்த இரண்டு பாகங்களும் இன்றுவரை நாடெங்கும் விற்கின்றன. மருத்துவ மாணவர்களுக்கு பி.டி. சௌராசியாவின் உடற்கூறு நூல் அப்படித்தான். இவை விலையால் மட்டும் நிலைத்தவை அல்ல. மாணவர் எந்த இடத்தில் தடுக்கி விழுவார் என்பது எழுதியவருக்குத் தெரிந்திருந்தது. அப்படிப்பட்ட புத்தகம் இன்னும் பத்து வர வேண்டுமானால், இருக்கும் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டும்.

பயன் என்று வந்துவிட்டால் மொழியைத் தவிர்த்துப் பேச முடியாது. பட்டியலில் உள்ள நூல் இலவசமாகவே கிடைத்தாலும், அந்த ஆங்கிலம் புரியாத மாணவருக்கு அது விலை மதிக்க முடியாத பொருள்தான், கிண்டலான அர்த்தத்தில். 1968இல் மத்திய அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. பல்கலைக்கழகப் பாடநூல்களை அந்தந்த மொழியில் கொண்டுவர ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கோடி ரூபாய் என்று திட்டம் போட்டது. கேரள பாஷா இன்ஸ்டிடியூட், தெலுங்கு அகாதமி, இந்தி மாநிலங்களின் கிரந்த அகாதமிகள் எல்லாம் அந்தக் காலத்தின் பிள்ளைகள். 1970இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் தோன்றியது. தாவரவியல் முதல் அரசியல் தத்துவம் வரை கல்லூரி நூல்கள் தமிழில் வந்தன. பிறகு கவனமெல்லாம் பள்ளிப் புத்தகங்களின் பக்கம் போயிற்று. அந்தப் பழைய நூல்களில் பலவற்றை நிறுவனம் பின்னாளில் மின்வடிவிலும் மறு அச்சிலும் கொண்டுவந்தது. நல்ல செய்திதான். ஆனால் ஐம்பது ஆண்டுக்கு முந்தைய மரபணுவியலை வைத்துக்கொண்டு இன்றைய மாணவர் என்ன செய்வார்?

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். பாடநூல் மொழிபெயர்ப்புக்கு ஒரே ஒரு பரீட்சைதான் உண்டு. பக்கத்தில் ஆங்கில மூலத்தை வைத்துக்கொள்ளாமல் அதைப் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறதா? முடியாவிட்டால் மாணவர் இரண்டு புத்தகங்களுக்குக் காசு கொடுத்து ஒன்றைத்தான் படிக்கிறார். கலைச்சொற்களைப் பற்றி நாம் போடும் சண்டையில் பாதி வீண். ‘ஒளிச்சேர்க்கை’யும் ‘சவ்வூடு பரவல்’ என்ற சொல்லும் பள்ளியிலேயே பழகிவிட்டதால் யாரும் அவற்றைக் கண்டு மிரளுவதில்லை. 2022 அக்டோபரில் மத்தியப் பிரதேச அரசு முதலாண்டு எம்.பி.பி.எஸ். நூல்களை இந்தியில் வெளியிட்டபோது, ஆங்கிலச் சொற்களை அப்படியே தேவநாகரியில் எழுதியதைப் பலர் கேலி செய்தார்கள். கேலிக்குரியது அதுவல்ல. சொல் எதுவானாலும் வாக்கியம் நேராக இருந்தால் மாணவர் கடந்து போய்விடுவார். வாக்கியம் முறுக்கிக்கொண்டிருந்தால் தூய சொல்லும் கைகொடுக்காது.

மொழிபெயர்க்க உரிமை கிடைப்பதில்லை, வெளிநாட்டுப் பதிப்பகங்கள் கேட்கும் தொகை கட்டுப்படியாகவில்லை என்பது வழக்கமான புலம்பல். இதற்கும் சட்டத்தில் ஒரு கதவு இருக்கிறது. 1983இல் செய்த திருத்தத்தின்படி, கற்பித்தலுக்கோ ஆராய்ச்சிக்கோ தேவையான வெளிநாட்டு நூலை இந்திய மொழியில் பெயர்த்து வெளியிட, அது வெளியாகி மூன்று ஆண்டுகள் கழிந்ததும் கட்டாய உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். வளர்ந்த நாடுகளில் பொது வழக்கில் இல்லாத மொழி என்றால் ஓராண்டு போதும். ஒரு நூல் நியாயமான விலையில் இந்தியாவில் கிடைக்காவிட்டால் மறு அச்சிட உரிமம் கேட்கவும் தனிப் பிரிவு உண்டு. அதில் அறிவியல், கணித, தொழில்நுட்ப நூல்களுக்கு மூன்று ஆண்டுக் காத்திருப்பு. வளரும் நாடுகள் சர்வதேச அரங்கில் வாதாடிப் பெற்ற சலுகை இது. அதில் இந்தியாவின் குரல் முக்கியமானது. வாங்கிய பிறகு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டோம். இந்தக் கதவைத் தட்டிய பல்கலைக்கழகம் எது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

இனி பழைய புத்தகம். அண்ணன் படித்ததைத் தம்பி படிப்பது, சீனியர் விற்பதை ஜூனியர் பாதி விலைக்கு வாங்குவது என்பதுதான் நம் நாட்டின் மிகப் பெரிய பாடநூல் மானியத் திட்டம். அரசுக்கு ஒரு பைசா செலவில்லை. அதையும் கெடுத்துக்கொண்டிருக்கிறோம். தில்லிப் பல்கலைக்கழகத்தையே பாருங்கள். 2011இல் செமஸ்டர் முறை. 2013இல் நான்காண்டுப் பட்டப்படிப்பு. 2014இல் அது வாபஸ். 2015இல் விருப்பப் பாடத் தேர்வு முறை. 2019இல் பாடத்திட்டத் திருத்தம். 2022இல் தேசியக் கல்விக் கொள்கையின் பெயரில் மறுபடியும் நான்காண்டு. ஒவ்வொரு முறையும் பாடத்திட்டம் கலைந்தால் அலமாரியில் உள்ள புத்தகம் எடைக்குப் போகிறது. தரியாகஞ்ச் நடைபாதையின் ஞாயிறு புத்தகச் சந்தையை 2019இல் அப்புறப்படுத்தி வேறிடத்துக்கு அனுப்பியதைப் பத்திரிகைகள் எழுதின. பாடத்திட்ட மாற்றங்களால் விலை போகாமல் போன புத்தகங்களைப் பற்றி யாரும் எழுதவில்லை.

புதிய பதிப்பு என்றதும் பழையதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அது பாடத்தைப் பொறுத்தது. சாமுவேல்சனின் பொருளாதார நூல் 1948இல் முதலில் வந்து, பத்தொன்பது பதிப்புகள் கண்டது. தேவை, அளிப்பு, விலை பற்றிய அடிப்படை அத்தியாயங்களைப் படிக்க முந்தைய பதிப்பே தாராளமாகப் போதும். நுண்கணிதமும் கரிம வேதியியலின் அடிப்படைகளும் அப்படியே. கணக்குகளின் வரிசை எண் மாறியிருக்கும், நண்பரின் பிரதியைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். சட்ட மாணவருக்கு இந்த யோசனை ஆபத்து. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டம்தான் என்பதால் பழைய புத்தகம் அடியோடு வீணில்லை என்றாலும், பரீட்சைக்குப் புதியது வேண்டும். 2017இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வணிகவியல் மாணவருக்கு அதற்கு முந்தைய மறைமுக வரி நூல் வரலாற்றுச் சின்னம்தான். எதைப் பழையதாக வாங்கலாம், எதைப் புதியதாகத்தான் வாங்க வேண்டும் என்பதை முதல் வகுப்பிலேயே ஆசிரியர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். மாணவர் அதை ஒரு செமஸ்டரை இழந்து கற்றுக்கொள்கிறார்.

இலவசமாக, சட்டப்படி கிடைப்பதும் கொஞ்சமல்ல. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடங்கள், தனியாக உட்கார்ந்து படிப்பவருக்கென்றே எழுதப்பட்டவை, இணையத்தில் இருக்கின்றன. ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். விரிவுரைகள் இருக்கின்றன. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2012 முதல் ஓபன்ஸ்டாக்ஸ் என்ற பெயரில் முதலாண்டுப் பாடநூல்களை யாரும் இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம் என்று வெளியிடுகிறது. கல்லூரியில் சேர்ந்து பாதி புரியாமல் தவிப்பவர், கூச்சப்படாமல் என்.சி.இ.ஆர்.டி.யின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு நூல்களுக்குத் திரும்பிப் போகலாம். ஐ.ஏ.எஸ். பரீட்சைக்குப் படிப்பவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். இவற்றில் ஒன்றுகூடப் பல பட்டியல்களில் இடம்பெறுவதில்லை. இலவசம் என்றால் தரக் குறைவு என்ற எண்ணம் ரேஷன் கடையைத் தாண்டிப் பல்கலைக்கழகத்துக்குள்ளும் வந்துவிட்டதோ என்னவோ.

செலவு செய்துதான் ஆக வேண்டும் என்றால் மாணவர் ஒன்று செய்யலாம். பாடநூல் எதுவாயினும், வாங்குவதற்கு முன் நூலகத்திலோ நண்பரிடமோ வாங்கி ஒரே ஒரு அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். வகுப்பில் ஏற்கெனவே நடத்திய அத்தியாயம் வேண்டாம், நடத்தாததை எடுங்கள். ஆசிரியர் துணையின்றிப் பாதிக்கு மேல் புரிந்தால், பயிற்சிக் கணக்குகளில் சிலவற்றுக்காவது விடை இருந்தால், அது உங்கள் புத்தகம். புரியாவிட்டால், அதை எழுதியவர் நோபல் பரிசு பெற்றவராகவே இருக்கட்டும், நூலகத்திலேயே இருக்கட்டும். நான்கு பேர் சேர்ந்து ஆளுக்கொரு நூல் வாங்கி மாற்றிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாணவருக்கு யோசனை சொல்வதோடு நிறுத்திக்கொண்டால் அது நியாயமாகாது. நோய் பட்டியல் போடும் இடத்தில் இருக்கிறது. பாடத்திட்டக் குழுக்கள் நூலின் பெயருக்கு எதிரே மூன்று விவரங்களைச் சேர்க்கட்டும். இன்றைய விலை என்ன? கல்லூரி நூலகத்தில் எத்தனை பிரதிகள்? இதற்குப் பதில் படிக்கக்கூடிய மலிவான அல்லது இலவசமான நூல், முடிந்தால் மாணவர் மொழியில், எது? இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், கமிட்டி வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். எதற்கெல்லாமோ அனுப்புகிறது.

இந்த மூன்று விவரங்களையும் நிரப்ப உட்காரும் பேராசிரியர் முதலில் திடுக்கிடுவார். தாம் பத்து ஆண்டுகளாகப் பரிந்துரைத்துவந்த நூல் அச்சிலேயே இல்லை என்று சிலருக்குத் தெரியவரும். மாணவரின் ஒரு மாத விடுதிச் சாப்பாட்டுச் செலவு அதன் விலை என்று இன்னும் சிலருக்குத் தெரியவரும். நூலகத்தில் இருக்கும் ஒரே பிரதி தம் வீட்டு அலமாரியில் இருப்பது நினைவுக்கு வந்து, அதைத் திருப்பிக் கொடுக்கவும் யாராவது கிளம்பலாம்.